ஏபிஎஸ் விளக்கு அணையாதபோது

மோட்டார் சைக்கிளின் மீட்டரில் பிரேக்குக்கென்று இருக்கும் எச்சரிக்கை விளக்கு பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். வட்டத்துக்குள் ஏபிஎஸ் என்ற ஆங்கில எழுத்துகளும் இருபுறமும் வளைகோடுகளும் கொண்ட மஞ்சள் விளக்கு அது. காரில் பிரேக் ஆயில் குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு இரு சக்கர வண்டிகளில் அரிது. முன் சக்கரத்துக்குக் கை லீவர், பின் சக்கரத்துக்குக் கால் பெடல் என்று இரண்டு பிரேக்குகளும் தனித்தனியே இயங்குவதால், ஒன்று கைவிட்டாலும் மற்றது மிஞ்சும் என்பதே இதற்குக் காரணம். மோட்டார் சைக்கிள் பிரேக்குகளுக்கான ஐ.நா. 78-ஆம் எண் விதிமுறையும் இதை ஒட்டியே அமைந்திருக்கிறது. ஒரே பிடியில் இரண்டு தனி ஹைட்ராலிக் சுற்றுகளை இயக்கும் வண்டிக்குத்தான் சிவப்பு விளக்கு கட்டாயம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் உள்ள எல்லா வண்டிக்கும் மஞ்சள் விளக்கு கட்டாயம்.

இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது இரண்டு கட்டங்களில். புதிதாக வரும் மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1, ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 ஏப்ரல் 1. அதுவரை விலை உயர்ந்த வண்டிகளோடு நின்றிருந்த இந்த விளக்கு, அதன்பின் தெருமுனை மெக்கானிக் கடைவரை வந்து சேர்ந்தது. அது அணையாமல் எரியும்போது இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. பிரேக்கே போய்விட்டது என்று பயந்து வண்டியை நடுவழியில் விட்டுவிடுவது ஒன்று. பிரேக் பிடிக்கத்தானே செய்கிறது என்று மாதக்கணக்கில் அப்படியே ஓட்டுவது மற்றொன்று. விளக்கு எதைக் கண்காணிக்கிறது, எதைக் கண்காணிப்பதில்லை என்பது தெளிவானால் இரண்டையும் தவிர்க்கலாம். பழுதைத் தேடும் வரிசையும் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

டயர் தரையை மிக இறுக்கமாகப் பற்றுவது, அது உருண்டுகொண்டே சிறிதளவு வழுக்கும்போதுதான். சக்கர விளிம்பின் வேகம் வண்டியின் வேகத்தைவிட ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் குறைந்திருக்கும் நிலையில் பிடிப்பு உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டி அழுத்தினால் சக்கரம் சட்டென்று சுழற்சியை நிறுத்திவிடும், பிடிப்பும் குறையும். நான்கு சக்கர வண்டிக்கு அது திசை இழப்பு. இரு சக்கர வண்டிக்கோ, அதிலும் முன் சக்கரத்துக்கு, அது அநேகமாக விழுகைதான். சுழலாத முன் சக்கரத்தைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது, சாய்ந்தால் நிமிராது.

இதைத் தடுக்கும் முயற்சி வெகு முன்பே தொடங்கிவிட்டது. விமானங்களுக்காக டன்லப் நிறுவனம் உருவாக்கிய மேக்ஸரெட் என்ற இயந்திரக் கருவியை பிரிட்டனின் சாலை ஆராய்ச்சிக்கூடம் 1958-இல் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் வண்டியில் பொருத்திச் சோதித்தது. வழுக்கும் தரையில் வண்டி நிற்கும் தூரம் 30 சதவீதம்வரை குறைந்தது. அவ்வளவு நல்ல முடிவு கைக்கு வந்தும், இதற்கு எதிர்காலமில்லை என்று என்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைமை கருதியதால் அது உற்பத்திக்குப் போகவில்லை. எத்தனை உயிர்களோடு சம்பந்தப்பட்ட முடிவு அது என்று இன்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. மின்னணு ஏபிஎஸ் மோட்டார் சைக்கிளில் விற்பனைக்கு வந்தது 1988-இல், பி.எம்.டபிள்யூ கே100 வண்டியில். அந்தக் கருவி மட்டும் 11 கிலோ அளவுக்குக் கனத்தது. இன்றைய யூனிட் ஒரு கிலோவுக்கும் குறைவு. இந்திய நிறுவனம் ஒன்றின் வண்டியில் ஏபிஎஸ் முதலில் வந்தது 2011-இல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் மோட்டாரின் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 180-இல்.

அமைப்பில் மூன்று பகுதிகள் உண்டு. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் துளையிட்ட இரும்பு வளையம்; அதன் அருகே அசையாமல் நிற்கும் வேகச் சென்சார்; மாஸ்டர் சிலிண்டருக்கும் காலிப்பருக்கும் இடையில் பிரேக் குழாய்ப் பாதையில் அமர்ந்திருக்கும் ஏபிஎஸ் யூனிட். யூனிட்டுக்குள் ஒவ்வொரு பிரேக் சுற்றுக்கும் இரண்டு சோலினாய்டு வால்வுகளும், பொதுவாக ஒரு பம்ப் மோட்டாரும், இவற்றை ஆளும் சிறு கணினியும் இருக்கின்றன. வளையத்தின் துளைகள் சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் ஒரு மின் துடிப்பு பிறக்கிறது. டயரின் சுற்றளவு 2 மீட்டர், வளையத்தில் 50 துளைகள் என்று வைத்துக்கொண்டால், 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு எட்டு முறைக்கு மேல் சுற்றும். 400-க்கு மேற்பட்ட துடிப்புகள் கணினியை எட்டும். துடிப்புகளுக்கு இடையிலான நேரம் திடீரென நீண்டால், சக்கரம் பூட்டப்போகிறது என்று பொருள். அப்போது கணினி முதல் வால்வை மூடி, லீவரிலிருந்து வரும் அழுத்தம் மேலும் கூடாமல் தடுக்கிறது. போதவில்லையென்றால் இரண்டாம் வால்வைத் திறந்து காலிப்பரில் இருக்கும் அழுத்தத்தை இறக்குகிறது. சக்கரம் வேகம் பிடித்ததும் அழுத்தத்தை மறுபடி ஏற்றவிடுகிறது. ஒரு வினாடிக்குள் இது பலமுறை நடக்கும். கையில் உணரும் துடிப்பு அதுதான்.

வால்வுகளின் அமைப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. மின்சாரம் இல்லாத நிலையில் முதல் வால்வு திறந்தே இருக்கும், இரண்டாவது மூடியே இருக்கும். ஆகவே கணினி ஏதோ ஒரு பழுதைக் கண்டு தன்னைத் தானே அணைத்துக்கொண்டாலும், லீவரிலிருந்து காலிப்பர்வரை பிரேக் ஆயிலின் பாதை தடையின்றித் திறந்திருக்கும். பிரேக், ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியின் பிரேக் போலவே பிடிக்கும். மஞ்சள் விளக்கு சொல்வது இவ்வளவுதான்: பிரேக் இருக்கிறது, சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏற்பாடு இப்போது இல்லை. இதற்கு விலக்காக, 2001 முதல் சில ஆண்டுகள் பி.எம்.டபிள்யூ தன் பெரிய வண்டிகள் சிலவற்றில் மின் பம்பின் உதவியோடு அழுத்தத்தைக் கூட்டும் பிரேக்கைப் பொருத்தியது. அதில் மின்சாரம் போனால் ஏபிஎஸ்ஸோடு பிரேக்கின் பலமும் பெருமளவு போய்விடும். லீவரை முழுப் பலத்தோடு பிடித்தால்தான் வண்டி நிற்கும். அந்த வகை வண்டியில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் ஓட்டக் கூடாது.

சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு எரிவது பழுதல்ல, சோதனை. முதல் கட்டச் சோதனை வண்டி நிற்கும்போதே நடந்துவிடும்: பேட்டரியின் வோல்ட் போதுமா, வால்வுகளின் காயில்கள் அறுந்திருக்கின்றனவா, சென்சார் வயரில் முறிவோ ஷார்ட்டோ உண்டா என்று கணினி பார்க்கிறது. ஆனால் நிற்கும் சக்கரத்திலிருந்து துடிப்பு எதுவும் வராது. சென்சாரும் வளையமும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று அறிய வண்டி நகர்ந்தே ஆகவேண்டும். அதனால்தான் பெரும்பாலான வண்டிகளில் 5 முதல் 10 கி.மீ. வேகத்தைத் தொட்ட பிறகே விளக்கு அணைகிறது. சில வண்டிகளில் அந்தக் கணத்தில் யூனிட்டிலிருந்து ‘டிர்ர்’ என்று ஒரு சிறு சத்தமும் கேட்கும். கணினி பம்ப் மோட்டாரை ஒரு முறை ஓட்டிப் பார்க்கிறது. சாவி போட்டவுடன் விளக்கு எரியவே இல்லையென்றால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விளக்கோ அதற்கான வயரோ போயிருக்கலாம். விளக்கின் தொல்லை பிடிக்காமல் யாராவது அதைத் துண்டித்துவைத்திருக்கவும் கூடும். பழைய வண்டி வாங்கும்போது கட்டாயம் பார்க்கவேண்டியது இது.

விளக்கின் வரம்பும் இதிலிருந்தே புலப்படும். அது கண்காணிப்பது மின்சுற்றையும் துடிப்புகளையும் மட்டுமே. பேட் தேய்ந்து இரும்பு இரும்போடு உரசினாலும், காலிப்பரிலிருந்து ஆயில் கசிந்தாலும், குழாயில் காற்று புகுந்து லீவர் பஞ்சுபோல் அமுங்கினாலும் பெரும்பாலான வண்டிகளில் இந்த விளக்கு எரியாது. ஆகவே விளக்கு எரியும் வண்டியில் ஸ்கேனரைத் தேடுமுன் பிரேக்கைப் பார்ப்பதே முறை. லீவரை அழுத்திப் பிடித்தால் ஓரிடத்தில் கெட்டியாக நிற்கவேண்டும். பிடித்த பிடியில் மெல்ல மெல்ல ஹேண்டில் பாரை நோக்கி இறங்கக் கூடாது. ஆயில் கிண்ணத்தின் மட்டம், வண்டி நேராக நிற்கும்போது கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கவேண்டும். ஆயில் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்புவதைவிட, ஏன் குறைந்தது என்று பார்ப்பது நல்லது. பேட் தேயத் தேய காலிப்பரின் பிஸ்டன் வெளியே வருவதால் மட்டம் இயல்பாகவே இறங்கும். பேட் புதிதாக இருந்தும் மட்டம் இறங்கினால் கசிவு. பேட்டில் உள்ள பள்ளக் கோடு மறைந்திருந்தால் மாற்றும் நேரம். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது தரவிதி. ஏறத்தாழ 3.7 சதவீதம் ஈரம் சேர்ந்த நிலையில் அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரி மட்டுமே. மலைப்பாதை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது கொதித்து ஆவிக் குமிழ் உண்டாவது இப்படிப்பட்ட பழைய ஆயிலில்தான். ஏபிஎஸ் வண்டியில் இன்னொரு கேடும் உண்டு. ஈரம் சேர்ந்த ஆயில், யூனிட்டுக்குள் இருக்கும் மயிரிழை போன்ற பாதைகளையும் வால்வுகளையும் உள்ளிருந்தே அரிக்கிறது. அரித்து அடைத்த யூனிட்டைப் பிரித்துச் சுத்தம் செய்ய வழியில்லை. பிரேக்கில் மிக விலையுயர்ந்த பாகத்தைக் காப்பாற்றும் மிக மலிவான வேலை, பெரும்பாலான நிறுவனங்கள் சொல்லும் இரண்டு ஆண்டுக் கெடுவில் ஆயிலை மாற்றுவது. அதைத்தான் அநேகம் பேர் செய்வதில்லை.

பிரேக் சரியாக இருப்பது உறுதியான பிறகு, விளக்கு எப்போது எரிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாதிப் பழுதை இதுவே சொல்லிவிடும். வண்டியை நகர்த்தியும் அணையவே இல்லையென்றால், ஃபியூஸ், அறுந்த வயர், செத்த சென்சார் என்று நிலையான பழுதாக இருக்கும். அதோடு ஸ்பீடோமீட்டரும் நின்றிருந்தால் தேடும் இடம் இன்னும் சுருங்கும். பல வண்டிகளில் வேகமானிக்குத் தகவல் போவது ஏபிஎஸ் சென்சார் ஒன்றிலிருந்துதான். அணைந்த விளக்கு மேடு பள்ளத்திலோ குறிப்பிட்ட வேகத்திலோ திரும்ப எரிந்தால் தளர்ந்த வயர், வளைந்த வளையம், சக்கர பேரிங்கின் ஆட்டம் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். மழையிலும் வாட்டர் வாஷ் செய்த பின்னும் எரிந்து, வெயிலில் காய்ந்ததும் அணைவது கப்ளருக்குள் தண்ணீர் போனதன் அடையாளம். செல்ஃப் அடித்த உடனே எரிந்தால் பேட்டரி.

பழுதே இல்லாமல் விளக்கு எரியும் சமயங்களும் உண்டு. சென்டர் ஸ்டாண்டு போட்டு, கியரில் வைத்து, செயினுக்கு ஆயில் விடுவதற்காகப் பின் சக்கரத்தைச் சுழலவிட்டால், இரண்டு சக்கரத்திலும் சென்சார் உள்ள வண்டியின் கணினி குழம்பிப்போகும். பின் சக்கரம் 30 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, முன் சக்கரம் நிற்கிறது. கணினியின் கணக்கில் இது நடக்கக் கூடாத காரியம். சேற்றில் சிக்கிப் பின் சக்கரம் வெறுமனே சுழன்றாலும் இதே கதை. சாவியை அணைத்துத் திரும்பப் போட்டுச் சிறிது தூரம் ஓட்டினால் சரியாகிவிடும். இன்னொன்று, ஏபிஎஸ்ஸை வேண்டுமென்றே அணைக்கும் வசதி. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்ற வண்டிகளில் மண் பாதைக்காகப் பின் சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைத்துவைக்கலாம்; அப்போது எரியும் விளக்கு அதை நினைவூட்டத்தான்.

உண்மையான பழுதுகளில் பெரும்பங்கு விலை உயர்ந்த யூனிட்டில் இருப்பதில்லை. சக்கரத்தின் அருகே, சேறும் தண்ணீரும் அதிர்வும் படும் இடத்தில்தான் இருக்கிறது. அதனால் கையும் கண்ணும் முதலில் போகவேண்டியது சென்சாருக்கும் வளையத்துக்கும்.

சென்சாரில் இரண்டு வகை. பழைய வகை காந்தமும் கம்பிச் சுருளும் கொண்டது. சைக்கிள் டைனமோவைப்போலச் சக்கரம் சுற்றினால்தான் அதில் மின்சாரம் பிறக்கும், மெதுவாகச் சுற்றினால் மங்கும். இன்றைய வண்டிகளில் பெரும்பாலும் ஹால் விளைவை அடிப்படையாகக் கொண்ட சென்சார். இதற்குக் கணினியிலிருந்து மின்சாரம் வரவேண்டும். நடை வேகத்திலும் தெளிவான துடிப்பைத் தரும். இரண்டுக்கும் சோதனை முறை வேறு. பழைய வகையின் சுருளை மல்டிமீட்டரில் ஓம் வைத்து அளக்கலாம். சக்கரத்தைக் கையால் சுற்றி, ஏசி மில்லிவோல்ட் எழுகிறதா என்றும் பார்க்கலாம். ஹால் சென்சாரில் ஓம் வைத்துப் பார்ப்பதால் பயனில்லை; உள்ளிருக்கும் மின்னணுச் சில்லுக்குக் கேடு வரவும் கூடும். அதற்குச் சாவி போட்டு, கப்ளரில் மின்சாரம் வந்து சேர்கிறதா என்று பார்ப்பதே சரி. எவ்வளவு வரவேண்டும் என்பது அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

ஆனால் மீட்டரை எடுக்குமுன் ஒரு துணி போதும். சென்சாரைப் பிடித்திருக்கும் ஒற்றை போல்ட்டைக் கழற்றி நுனியை வெளியே எடுத்தால், மழைக்காலத்துக்குப் பின் பல வண்டிகளில் அது கறுத்த பசை மூடிக் கிடக்கும். பிரேக் பேட்டும் டிஸ்க்கும் தேய்ந்து உதிரும் இரும்புப் பொடியைச் சென்சாரின் காந்தம் இழுத்துப் பிடித்து, சேற்றோடும் கிரீஸோடும் குழைத்து வைத்திருக்கிறது. நுனிக்கும் வளையத்துக்கும் இடையே இருக்கவேண்டிய ஒரு மில்லிமீட்டர் அளவான இடைவெளியை இந்தப் பசை நிரப்பிவிட்டால், துளைக்கும் இரும்புக்கும் உள்ள வேறுபாடு சென்சாருக்கு மங்கிவிடும். துடைத்து, சென்சார் அமரும் இடத்தின் துருவையும் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பொருத்தினால், பைசா செலவில்லாமல் விளக்கு அணைந்துவிடுவது உண்டு. இடைவெளி அளவை ஃபீலர் கேஜ் வைத்து, வளையத்தின் ஓரிடத்தில் மட்டுமல்லாமல் முழுச் சுற்றுக்கும் பார்ப்பது அவசியம்.

வளையம் மெல்லிய தகடு. அதனருகே ஒரு கல் சிக்கினாலோ, சக்கரத்தைக் கழற்றித் தரையில் படுக்கவைத்து மிதித்தாலோ நெளிந்துவிடும். ஒரு துளையருகே நெளிந்தாலும் போதும், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துடிப்பு தவறும். கணினிக்கு அது சக்கரம் கணநேரம் நின்றதுபோல் தெரியும். இதன் அடையாளம் விசித்திரமானது: சிக்னலில் நிறுத்துவதற்காக மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது, காய்ந்த தாரோட்டில், காரணமே இல்லாமல் லீவர் துடிக்கும், வண்டி எதிர்பார்த்த இடத்தைத் தாண்டிப்போய் நிற்கும். விளக்கு எரியாமலே இது நடக்கக் கூடும் என்பதால், எரியும் விளக்கைவிட இது ஆபத்தானது. நெளிந்த வளையத்தைத் தட்டி நிமிர்த்துவதைவிட மாற்றுவதே மேல்.

விளக்கு எப்போது முதலில் எரிந்தது என்று விசாரித்தால், டயர் மாற்றிய அன்று, அல்லது பஞ்சர் ஒட்டிய அன்று என்ற பதில் அடிக்கடி வரும். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது ஆக்சிலில் உள்ள ஸ்பேசர் இடம் மாறினால், வளையம் சென்சாரைவிட்டுச் சில மில்லிமீட்டர் விலகிவிடும். அல்லது சென்சாரில் உரசி அதன் முனையைத் தின்றுவிடும். காலிப்பரைக் கழற்றும்போது சென்சார் வயர் இழுபட்டு, திரும்ப மாட்டும்போது கிளிப்பில் சேராமல் தொங்கும்; டயரோ டிஸ்க்கோ அதை அறுத்துவிடும். கடைக்காரரின் அவசரமும் வண்டிக்காரரின் அவசரமும் சேர்ந்து உண்டாக்கும் பழுது இது. சக்கரம் திரும்ப மாட்டியதும் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, சென்சாரையும் வயரையும் குனிந்து பார்த்தால் தவிர்த்துவிடலாம். அளவு மாறிய டயர் போட்டாலும் சிக்கல் வரலாம். முன், பின் சக்கரச் சுற்றளவுகளின் விகிதம் கணினிக்குள் எழுதப்பட்டிருக்கிறது. அது பெரிதாக மாறினால் நேர்ச் சாலையிலேயே ஒரு சக்கரம் வழுக்குவதாகக் கணினி கணக்கிடும்.

அடுத்தது வயர். முன் சென்சாரின் வயர் ஃபோர்க்கோடு மேலும் கீழும் ஆடுகிறது. ஹேண்டில் திரும்பும்போதெல்லாம் ஸ்டியரிங் கழுத்தருகே மடிந்து நிமிர்கிறது. பல ஆயிரம் மடிப்புகளுக்குப் பின் உள்ளிருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே உள்ள ரப்பர் உறை எந்தக் கீறலும் இல்லாமல் புதிதுபோல் இருக்கும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத பழுது இது. சென்சார் கப்ளரிலிருந்து யூனிட்டின் கப்ளர்வரை, இரண்டையும் கழற்றிவிட்டு, வயரின் தொடர்ச்சியை மல்டிமீட்டரில் வைத்து, ஹேண்டிலை இடப்பக்கம் முழுவதும், வலப்பக்கம் முழுவதும் திருப்பிப் பார்க்கவேண்டும். ஓரிடத்தில் மட்டும் தொடர்ச்சி அறுந்தால், முறிவு அந்த மடிப்பில். விரலால் அமுக்கி மெல்ல இழுத்தால் அந்த இடம் மட்டும் ரப்பர்போல் நீளும். ஒட்டுப்போட்டு டேப் சுற்றுவது அங்கே நிலைக்காது. அதே மடிப்பு அதே இடத்தை மறுபடி அறுக்கும். வயரோடு சேர்ந்த சென்சாராகவே மாற்றிவிடுவது நல்லது.

கப்ளரைப் பிரித்தால் உள்ளே பளபளப்பான பின்களுக்குப் பதிலாகப் பச்சைப் பூப்பூத்திருந்தால் தண்ணீரின் வேலை. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இதை இன்னும் விரைவாகச் செய்யும். உயர் அழுத்த வாட்டர் வாஷ், மழைத் தண்ணீர் எட்டாத இடத்துக்கும் தண்ணீரைத் தள்ளிவிடும். மின் தொடர்புகளுக்கான ஸ்பிரேயால் கழுவி, காயவைத்து, பின்கள் தளர்ந்திருந்தால் இறுக்கி, ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்த்து மூடினால் போதும்.

பேட்டரி, ஃபியூஸ் இரண்டும் விரைவில் பார்த்துவிடக்கூடியவை. ஏபிஎஸ் யூனிட்டுக்குப் பெரும்பாலும் மோட்டாருக்கு ஒன்று, வால்வுகளுக்கு ஒன்று எனப் பெரிய ஃபியூஸ்களும், கணினிக்கு ஒரு சிறிய ஃபியூஸும் இருக்கும். எரிந்துபோன ஃபியூஸின் இடத்தில் அதே ஆம்பியரைத்தான் போடவேண்டும். மறுபடியும் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது, பெரிய ஃபியூஸ் அதற்கு விடையல்ல. முழு சார்ஜ் உள்ள பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏறவேண்டும். செல்ஃப் அடிக்கும் கணத்தில் 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், ஏபிஎஸ் கணினி தன்னை அணைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். கூடுதல் ஃபாக் லைட்டும் பெரிய ஹாரனும் மாட்டிய வண்டியில், அவற்றின் வயர் எங்கிருந்து இழுக்கப்பட்டிருக்கிறது, எர்த் எங்கே கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். பின் விளக்கு பிரேக் பிடித்தால் எரிகிறதா, விட்டால் அணைகிறதா என்பதும் முக்கியம். சில மாடல்களில் பிரேக் லைட் சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும் கணினி அதைப் பழுதாகப் பதிவு செய்யும்.

கணினியிடமே கேட்பதற்கு ஸ்கேனர். பல பி.எஸ்.6 வண்டிகளில் சீட்டுக்கடியில் ஆறு முனைகள் கொண்ட கப்ளர் இதற்கென்றே இருக்கிறது. ஸ்கேனர் தரும் பழுதுக் குறியை அப்படியே உத்தரவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன் சக்கரச் சென்சார் பழுது என்று திரையில் வந்தால், சென்சாரை மாற்று என்று அதற்குப் பொருளல்ல. சென்சார், வளையம், வயர், கப்ளர் ஆகிய நான்கும் சேர்ந்த அந்தப் பாதையில் எங்கோ துடிப்பு நிற்கிறது என்பதே கணினிக்குத் தெரியும். குறியை நம்பிப் புதுச் சென்சார் மாட்டி, விளக்கு அணையாமல், அடுத்து யூனிட்டையே மாற்றச் சொல்லும் செலவு, வயரைச் சோதிக்காததால் வருவது. ஸ்கேனரின் உண்மையான பலம் அதன் நேரடி அளவீட்டில் இருக்கிறது. ஸ்டாண்டு போட்டு, சக்கரத்தைக் கையால் ஒரே சீராகச் சுற்றினால், திரையில் வேகமும் சீராக ஏறவேண்டும். இடையிடையே பூஜ்யத்துக்கு விழுந்தால் வளையத்தையும் வயரையும் திரும்பப் பார்க்கலாம்.

இவை எல்லாம் சரியாக இருந்து, யூனிட்டின் கப்ளர்வரை மின்சாரமும் எர்த்தும் துடிப்பும் வந்து சேர்ந்தும் பழுது நீங்கவில்லையென்றால்தான் யூனிட்டைச் சந்தேகிக்க வேண்டும். அதை மாற்றினால் குழாய்களைக் கழற்றவேண்டியிருக்கும். உள்ளே காற்று புகும். யூனிட்டின் உட்பாதைகளில் சிக்கிய காற்று, லீவரை அடித்து ஆயில் எடுக்கும் வழக்கமான முறையில் முழுதாக வெளியேறாது. பல மாடல்களில் ஸ்கேனர் மூலம் வால்வுகளையும் பம்பையும் இயக்கிக்கொண்டே காற்றை எடுக்கவேண்டும். இது அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரின் வேலை.

பழுது நீங்கும்வரை வண்டியை ஓட்டவேண்டியிருந்தால், இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, முன் பிரேக்கைச் சட்டென்று அள்ளிப் பிடிக்காமல் படிப்படியாக இறுக்கி, வண்டியை நிமிர்த்திய நிலையில் பிரேக் பிடிக்கவேண்டும். நனைந்த ரோடு, மணல் சிதறிய திருப்பம், சாலையில் பூசிய வெள்ளைக் கோடு ஆகியவற்றின் மேல் ஏபிஎஸ் இல்லாத முன் சக்கரம் எச்சரிக்கையின்றி வழுக்கும். முன்னால் போகும் வண்டியிலிருந்து விடும் இடைவெளியை வழக்கத்தைவிடக் கூட்டவேண்டும். ஒற்றைச் சேனல் ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் பின் சக்கரத்துக்கு எப்போதுமே இந்தப் பாதுகாப்பு இல்லை. விளக்கு அணைந்திருந்தாலும் பின் பெடலை மிதித்தால் சக்கரம் பூட்டும்.

சரிசெய்த பின் கணினியில் பதிந்த பழைய குறியை ஸ்கேனரால் அழிக்கவேண்டும். சில வண்டிகளில், பழுது நீங்கிச் சில முறை ஓட்டியதும் விளக்கு தானாகவே அணையும். பின்னர் வாகனமில்லாத, காய்ந்த, நேரான சாலையில் ஓட்டி, விளக்கு அணையும் வேகம் முன்போலவே இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இரட்டைச் சேனல் வண்டியில் 30 கி.மீ. வேகத்தில் பின் பெடலை மட்டும் அழுத்தி மிதித்தால், சக்கரம் கோடு இழுக்காமல் காலில் துடிப்பு தெரியவேண்டும். முன் பிரேக்கை மணலில் வைத்துச் சோதிப்பது வேண்டாம். ஓட்டி முடித்து வந்து ஸ்கேனரை மறுபடி இணைத்து, புதிய குறி எதுவும் பதியவில்லை என்று கண்ட பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.